முப்பது பிள்ளைகளை வைத்து ஏதென்ஸின் குடியாட்சியை நடத்திக் காட்டுவது எப்படி

சோலோன், கிளைஸ்தனிஸ், எபியால்டிஸ், பெரிக்கிளிஸ் என்று பழைய ஏதென்ஸ் தலைவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான். குடியாட்சிக்கு அங்கே அடித்தளமானது கி.மு. 508-507இல் கிளைஸ்தனிஸ் மக்களை ஒன்றோடொன்று கலந்து புதுக் குலங்களாக்கிய விதம். அதைக் கையால் செய்து பார்க்கட்டும்.

எடுத்து வையுங்கள்: மூன்று மண்சட்டி, 30 துண்டுச்சீட்டு, ஒரே அளவில் 10 வெள்ளை மொச்சை, 20 கறுப்பு மொச்சை, 30 ஓட்டுச்சில்லு, ஆணிகள். சில்லுக்குப் பழைய நாட்டு ஓடு போதும். பாசி பிடித்ததில் எழுத்து விழாது. கழுவிக் காயவைத்து, விளிம்பைக் கல்லில் உரசி மழுக்குங்கள்.

சோலோனுக்குப் பத்து நிமிடம் போதும். கி.மு. 594இல் அவர் கடன் அடிமைத்தனத்தை ஒழித்தார், குடிமக்களை விளைச்சல் அளவுப்படி நான்கு வகுப்பாக்கினார். நான்கு வரிசையில் உட்காரவைத்து, கடைசி வரிசைக்கு அவையில் இடம் உண்டு, பதவி கிடையாது என்று சொல்லுங்கள்.

அடுத்ததுதான் உயிர்நாடி. சமவெளிக்காரர், கடற்கரைக்காரர், மலைக்காரர் என்று கட்சி கட்டி அடித்துக்கொண்ட ஊர் அது. பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள்: நாகர்கோவில் நகரம், குளச்சல் கடற்கரை, குலசேகரம் உள்நாடு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சட்டி, அதில் 1 முதல் 10 வரை எண் சீட்டுகள். ஒரே எண் எடுத்த மூவர் ஒரு குலம். கிளைஸ்தனிஸ் செய்ததும் இதே கணக்குதான்: 139 ஊர்களை 30 தொகுதியாக்கி, நகரம், கரை, உள்நாடு மூன்றிலிருந்தும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பத்துக் குலம் அமைத்தார். மீன் பிடிக்கிறவரும் ரப்பர் பால் வெட்டுகிறவரும் ஒரே அணியில் நின்றால் எப்படியோ, அப்படி. சிநேகிதரோடு சேர சீட்டை மாற்றிக்கொள்வார்கள். விடாதீர்கள், மாற்றினால் பழைய கட்சிகள் திரும்பிவிடும்.

இனி மொச்சை. குலத்துக்கு ஒரு வெள்ளை, இரண்டு கறுப்பு. பார்க்காமல் எடுக்கவேண்டும், வெள்ளை வந்தவர் ஆலோசனை அவைக்கு. ஏதென்ஸில் குலத்துக்கு 50 பேர், மொத்தம் 500. பின்னாளில் அவர்களையும் குலுக்கித்தான் எடுத்தார்கள்.

கி.மு. 462-461இல் எபியால்டிஸ் பழைய மேலோர் மன்றத்தின் அதிகாரத்தைப் பறித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். பெரிக்கிளிஸ் நீதிமன்றத்தில் அமர்வோருக்குக் கூலி கொடுத்ததை விளக்கிச் சொல்லுங்கள். வள்ளத்தில் போகாத நாளில் கடல் தொழிலாளி வீட்டில் காசில்லை. கூலி இல்லாவிட்டால் ஏழைக்கு உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

கடைசியாக ஓட்டுச்சில்லு. ஏதென்ஸ்காரர் ஆண்டுக்கு ஒரு முறை, ஆளுக்கொரு சில்லில் பெயர் கீறி, ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்தலாம். 6,000 சில்லாவது விழவேண்டும். போகிறவர் சொத்து அவருக்கே. வகுப்புத்தோழர் பெயரை எழுதவிடாதீர்கள், யாராவது நொந்துபோவார்கள். அங்கே போட்டித் தலைவர்களாக இருந்த தெமிஸ்டோக்ளிஸ், அரிஸ்டைடிஸ் இருவரில் ஒருவர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து சில்லில் நீங்களே தெமிஸ்டோக்ளிஸ் என்று கீறி, எழுதச் சோம்பும் பிள்ளைகளிடம் நீட்டுங்கள், வாங்கிக்கொள்வார்கள். ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸ் அருகே ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் பெயரோடு கிடைத்த 190 சில்லும் பதினான்கு பேர் மட்டும் கீறியவைதான். அதைச் சொன்னதும் கையிலிருக்கும் சில்லைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சட்டி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு சட்டி வையுங்கள், காரணம் சொல்லவேண்டாம். எண்ணும்போது ஆண்பிள்ளைகள் சட்டியை மட்டும் கொட்டுங்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஏதென்ஸில் குடியேறி வாழ்ந்தோருக்கும் சில்லே கிடையாது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக, தோள்சீலைக்குப் போராடிய மண்ணில் வளரும் பிள்ளைகள் அந்த இரண்டாவது சட்டியைப் பற்றிக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும்வரை அதைக் கொட்டாமல் மேசைமேலேயே வைத்திருங்கள்.