வின்டர் டயர் மாட்டினால் எவ்வளவு பெற்றோல் கூடும், எவ்வளவு பிடிப்புக் கிடைக்கும்

நவம்பரில் வின்டர் டயர் மாட்டிய பிறகு பெற்றோல் கூடுதலாகச் செலவாவது உண்மை. ஆனால் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் கார் ஓட்டும் நம்மவர்கள் பலர் முழுப் பழியையும் டயர்மேல் போடுகிறார்கள். அந்தச் செலவுக்குப் பயந்து நான்கு பருவ டயரோடு பனிக்குள் இறங்குவது ஆபத்தான சிக்கனம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிறது. இந்த உருளும் தடை 10 சதவீதம் கூடினால் பெற்றோல் செலவு 1 முதல் 2 சதவீதம் கூடும். நூறு கிலோமீற்றருக்கு 7.5 லீற்றர் குடிக்கும் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வின்டர் டயரால் 3 சதவீதம் கூடுகிறது என்று வைத்தாலும், குளிர்காலம் முழுவதும் 8,000 கிலோமீற்றர் ஓடினால் கூடுதலாகப் போவது 18 லீற்றர். அரை டாங்க்கூட இல்லை.

மிச்சம் எங்கே போகிறது? குளிரில்தான். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 பாகையில் நகருக்குள் ஓடும் பெற்றோல் கார், மைனஸ் 7 பாகையில் அதே லீற்றருக்குச் சுமார் 15 சதவீதம் குறைவான தூரம்தான் ஓடும். ஐந்தாறு கிலோமீற்றர் மட்டும் ஓடி நிறுத்தும் கார்களில் இழப்பு 24 சதவீதம் வரை போகலாம். எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் தடித்துப்போகின்றன. எஞ்சின் சூடாகும்வரை பெற்றோல் அதிகமாகப் பாய்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் ஹைவேயில் அதைக் கிழித்துக்கொண்டு போகவும் கூடுதல் பலம் வேண்டும். இவற்றோடு ஹீட்டரும் கண்ணாடிச் சூடாக்கியும் சேர்கின்றன. வாசலில் பதினைந்து நிமிடம் காரைச் சும்மா ஓடவிடும் பழக்கம் வேறு.

அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய டயரைவிடப் புது வின்டர் டயரில் பள்ளம் 3 மில்லிமீற்றர் ஆழமாக இருந்தால், டயரின் விட்டம் 6 மில்லிமீற்றர் கூடும். 632 மில்லிமீற்றர் விட்டமுள்ள டயரில் அது ஏறக்குறைய 1 சதவீதம். கார் உண்மையில் ஓடிய தூரத்தைவிட ஓடோமீற்றர் அந்த அளவு குறைத்துக் காட்டும். உங்கள் கணக்கில் "கூடுதல் செலவு" என்று வருவதில் ஒரு பங்கு இப்படி வந்த பொய்க்கணக்கு.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதும் விளங்கும். வின்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும். கோடை டயரும் பெரும்பாலான நான்கு பருவ டயர்களும் 7 பாகைக்குக் கீழே போகப்போக இறுகத் தொடங்குகின்றன. தார்ச்சாலை காய்ந்திருந்தாலும் பிடிப்புக் குறையும். அடுத்தது பள்ளங்கள். அகலமான பள்ளத்துக்குள் பனி இறுகி அடைபடுகிறது. உருண்டை பிடிக்கும்போது பனி பனியோடு ஒட்டுகிறதே, அதேபோல டயருக்குள் அடைபட்ட பனி சாலைப் பனியைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவது, ரப்பர்க் கட்டைகளின்மேல் சவரத் தகட்டால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஒரு விளிம்பு. அந்த விளிம்புகள்தான் வழுக்கும் பரப்பைச் சுரண்டிப் பிடிக்கின்றன. இளகிய ரப்பர், ஆழமான பள்ளம், வெட்டுகளால் அசையும் கட்டைகள் ஆகிய மூன்றுமே உருளும் தடையைக் கூட்டுகின்றன. பிடிப்புக்குக் கொடுக்கும் விலைதான் அந்த 18 லீற்றர்.

நான்கு சில்லும் இழுக்கும் கார் இருக்கிறதே, வின்டர் டயர் எதற்கு என்று கேட்பார்கள். அது கிளம்புவதற்கு உதவும். பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் எல்லாக் காரும் டயரை நம்பித்தான் நிற்கிறது.

வாங்கும்போது

டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை இருக்க வேண்டும். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் போதாது. அது பள்ளத்தின் அமைப்பைச் சொல்கிறதே தவிர, பனியில் சோதித்ததற்குச் சான்றல்ல. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த முத்திரையுள்ள டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி 1 முதல் காப்புறுதி நிறுவனங்கள் வின்டர் டயருக்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும். ரசீதை அனுப்பிக் கேளுங்கள்.

பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் டொட் குறியின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள், அவை டயர் செய்த வாரமும் ஆண்டும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைப் புது விலைக்கு வாங்க வேண்டாம்.

பிடிப்பையும் பெற்றோலையும் ஒருசேரக் கவனிக்க நல்ல வழி, அகலம் குறைந்த டயர். டயர் அளவில் முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். காரில் 225/45ஆர்17 இருந்தால் 205/55ஆர்16 அல்லது 195/65ஆர்15 போடலாமா என்று காரின் கையேட்டில் பாருங்கள். மூன்றின் விட்டமும் 632 முதல் 635 மில்லிமீற்றருக்குள்தான். குறுகிய டயர் தளர்ந்த பனியைப் பிளந்துகொண்டு கீழே இறங்கும். அகன்றது மேலே மிதக்கும். காற்றுத் தடையும் சற்றுக் குறையும், விலையும் குறையும். ஆனால் 15 அங்குல ரிம்முக்குள் பிரேக் கலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அடங்குமா என்பதை உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள்.

நான்கும் வாங்குங்கள். முன்சில்லு இழுக்கும் காரில் முன்னால் இரண்டு மட்டும் போட்டால், முன்பக்கம் பிடித்துக்கொள்ள, வளைவில் பின்பக்கம் சறுக்கிக் கார் சுழன்றுவிடும். 

மாட்டும்போது

தனி ரிம் வாங்கிவிட்டால் வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றிப் பூட்டும் கூலி மிஞ்சும், டயரின் ஓரமும் கிழியாது. ரிம் பொருந்தும் ஹப்பில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். துருவின்மேல் ரிம் பொருந்தினால் நட் பிறகு தளரும். இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் நட் வேறுபடலாம். கூம்பு இருக்கைக்கு உருண்டை நட் போட்டால் இறுகியதுபோல் இருக்கும், ஆனால் பிடிக்காது. பக்கச் சுவரில் சுழலும் திசை அம்பு இருந்தால், அது முன்னோக்கி உருளும் பக்கம் பார்க்க வேண்டும். நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிர் எதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல சிறிய கார்களுக்கு 75 முதல் 100 அடி-இறாத்தல். சரியான எண் கையேட்டில் இருக்கும். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி சோதியுங்கள்.

காற்று

அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வெப்பம் 5.5 பாகை குறைந்தால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 20 பாகைச் சூடுள்ள கராஜில் 33 அடித்துக்கொண்டு மைனஸ் 15இல் வெளியே நிறுத்தினால், காலையில் 27தான் இருக்கும். நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் பெற்றோல் சிக்கனம் 0.2 சதவீதம் போகும்; ஆறு குறைந்தால் 1.2 சதவீதம். டயருக்கு என்று நாம் ஒதுக்கிய 3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையல்ல, அதுவும் சும்மா போவது.

காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்புக் கூடும் என்ற நம்பிக்கையும் உண்டு. சாலையில் அது உதவாது. காற்றுக் குறைந்த டயரின் நடு உள்வாங்கும், வெட்டுகள் மூடிக்கொள்ளும், ஓரம் தேயும், கரைந்த பனிச்சேற்றில் கார் மிதக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்கவென்று அளவுக்குமேல் அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்புப் போய்விடும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள எண்ணே சரி. அதைக் கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெளியில் வைத்து அளக்க வேண்டும். கராஜுக்குள் அடிப்பதானால் வெளிக்குளிருக்கு ஏற்ப, 5.5 பாகைக்கு 1 வீதம் கூட்டி அடியுங்கள். மாதம் ஒருமுறையும், குளிர் திடீரென இறங்கும் நாளிலும் பாருங்கள்.

எப்போது போடுவது, எப்போது கழற்றுவது

ஒன்ராறியோவின் தெற்கே ஒக்டோபர் கடைசிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் போட்டுவிடுவது நல்லது. முதல் பனி விழுந்த அன்று கடைகளில் இடம் கிடைக்காது. ஏப்ரலில் வெப்பம் தொடர்ந்து 7 பாகைக்கு மேல் நின்றதும் கழற்றுங்கள். கோடையிலும் ஓட்டினால் இளகிய ரப்பர் வேகமாகத் தேயும், சூடான சாலையில் பிரேக் தூரம் நீளும், பெற்றோலும் வீணாகும்.

கழற்றும்போது எது எந்த மூலையில் இருந்தது என்று சோக்கால் எழுதி, பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்துவையுங்கள். 4 மில்லிமீற்றரை நெருங்கிய டயர் அடுத்த பனிக்கு உதவாது. ரிம்மோடு இருந்தால் படுக்கவைத்து அடுக்கலாம். ரிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி வையுங்கள். உப்பைக் கழுவி, காயவைத்து, பையில் கட்டி, வெயில் படாத இடத்தில், மின்மோட்டார் ஓடும் பொருட்களுக்குத் தள்ளி வையுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.