எக்ஸ்எஸ்எல்டி: ஸ்டைல்ஷீட்டை ஒருமுறை கம்பைல் செய்தால் போதும்

ஜாவாவில் எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லாக மாற்ற, அதற்கான விதிகளை எக்ஸ்எஸ்எல்டி மொழியில் ஸ்டைல்ஷீட் என்ற கோப்பாக எழுதுகிறோம். ரிக்வெஸ்ட் வரும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்ஃபேக்டரியிடம் அந்த ஸ்டைல்ஷீட்டைக் கொடுத்து நியூடிரான்ஸ்ஃபார்மரைக் கூப்பிடுவதுதான் பலருடைய வழக்கம். பார்க்க ஒரே வரி. உள்ளேயோ, கோப்பைப் படித்து, அது இன்க்ளூட், இம்போர்ட் செய்யும் கோப்புகளையும் தேடியெடுத்து, எல்லாவற்றையும் கம்பைல் செய்தாக வேண்டும். ஜேடிகேவோடு வரும் எக்ஸ்எஸ்எல்டிசி என்ற கம்பைலர் அதை ஜாவா பைட்கோடாகவே மாற்றுகிறது. எக்ஸ்எம்எல் சிறியதாக இருந்தால், மாற்றும் வேலையைவிட இந்த முன்வேலைக்கே அதிக நேரம் போய்விடும்.

முதலில், நியூடிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் நியூடெம்ப்ளேட்ஸ் என்று மாற்றுங்கள். அது தரும் டெம்ப்ளேட்ஸ் ஆப்ஜெக்ட்தான் கம்பைல் ஆன ஸ்டைல்ஷீட். ஸ்ட்ரீம்சோர்ஸுக்கு வெறும் இன்புட்ஸ்ட்ரீமை மட்டும் கொடுக்காதீர்கள். கோப்பின் முகவரியான சிஸ்டம் ஐடியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இன்க்ளூடில் உள்ள சார்புப் பாதைகளை (ரிலேட்டிவ் பாத்) எங்கிருந்து தேடுவதென்று ஃபேக்டரிக்குத் தெரியாது.

அடுத்து, கிடைத்த டெம்ப்ளேட்ஸை ஒரு கன்கரன்ட்ஹேஷ்மேப்பில் வையுங்கள். இதுதான் நம் கேஷ். கோப்பின் பாதையே கீ. கீ மேப்பில் இல்லாதபோது மட்டும் நாம் தரும் லாம்டாவை (சிறு ஃபங்ஷனை) ஓட்டுவது கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட். அதைப் போட்டு லாம்டாவுக்குள் கம்பைல் செய்தால், ஒரே நேரத்தில் பத்து திரெட் வந்தாலும் கம்பைல் ஒருமுறைதான் நடக்கும். ஃபேக்டரி திரெட்சேஃப், அதாவது பல திரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் பிசகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் அதை அந்த லாம்டாவுக்குள்ளேயே புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். எப்போதாவது ஓடும் இடம்தானே, பரவாயில்லை. நியூடெம்ப்ளேட்ஸ் வீசும் செக்டு எக்செப்ஷனை (கட்டாயம் கையாள வேண்டிய பிழையை) ரன்டைம் எக்செப்ஷனில் சுற்றாவிட்டால் அந்த லாம்டா கம்பைல் ஆகாது.

அப்புறம், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டெம்ப்ளேட்ஸிடமிருந்து புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு. "டிரான்ஸ்ஃபார்மரையே சேமித்து வைத்தால் என்ன?" என்று தோன்றும். வேண்டாம். டெம்ப்ளேட்ஸைப் பல திரெட்கள் பகிரலாம், டிரான்ஸ்ஃபார்மரைப் பகிரக் கூடாது. செட்பாராமீட்டரில் வைத்த மதிப்பு அதிலேயே தங்கும். ஒருவருடைய பில்லில் இன்னொருவர் பெயர் அச்சாகும். உங்கள் கணினியில் தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஸ்டைல்ஷீட்டைத் திருத்தினால்? கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் சேர்த்து வைத்து, மாறியிருந்தால் மறுபடி கம்பைல் செய்யலாம். ஆனால் இன்க்ளூட் ஆன கோப்பு மட்டும் மாறியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாது. என்னைக் கேட்டால், டெவலப்மென்ட்டில் கேஷை அணைத்துவிடுங்கள். புரொடக்‌ஷனில் டிப்ளாய் செய்யும்போது மேப்பைக் காலி செய்தால் போதும்.

முதல் ரிக்வெஸ்ட் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். அதுவும் உறுத்தினால், சர்வர் தொடங்கும்போதே முக்கியமான ஸ்டைல்ஷீட்களை மேப்பில் ஏற்றிவிடுங்கள்.