ஏற்காட்டு வீடுகளில் தளத்துக்கு அடியில் தேங்கும் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் முறை

சேர்வராயன் மலைச்சரிவில் உள்ள பழைய தோட்ட வீடுகள் சிலவற்றில், சரிவான நிலத்தின்மேல் கல்கட்டு எழுப்பி, அதன்மேல் மரச் சட்டங்களும் பலகைகளும் பரப்பித் தளம் அமைத்திருப்பார்கள். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே ஒருவர் தவழ்ந்து செல்லும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். அறையில் பூசண வாடை வீசுவதற்கும், அலமாரித் துணிகளில் சாம்பல் பூப்பதற்கும், பலகை மிதித்த இடத்தில் தாழ்வதற்கும் பெரும்பாலும் அந்த இருட்டுக்குள் தேங்கிய ஈரமே காரணம். காப்பிக்கொட்டையில் ஈரம் ஏறிவிடக் கூடாது என்று மூட்டைக்கு அடியில் மரக்கட்டை வைத்துக் காக்கும் குடும்பங்கள்கூட, தாம் படுத்துறங்கும் பலகையின் அடிப்பக்கத்தை ஆண்டுக்கணக்கில் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

முதலில் உள்ளே சென்று பார்க்க வேண்டும். பாம்பும் தேளும் தங்கும் இடம் என்பதால் முழங்கால்வரை பூட்ஸ், கையுறை, முகக்கவசம், நல்ல டார்ச் ஆகியவை இல்லாமல் நுழையக் கூடாது. அடியில் ஓடும் மின்கம்பிகளுக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்திக்கொள்ள வேண்டும். சட்டங்களில் கரையான் புற்று, வெள்ளை நூல்போன்ற பூஞ்சை, கல்கட்டில் பூத்த உப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரமானியின் ஊசியை மரத்தில் குத்தி அளந்தால், ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும் மரத்தில், அதை உளுக்கவைக்கும் பூஞ்சை பற்றுவதில்லை. அதற்கு மேல் ஏறினால் கவலைப்பட வேண்டும். ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய, இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை மண்மேல் விரித்து, ஓரங்களில் கல் வைத்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் மண்ணின் ஈரம். மேற்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். மலையில் இரண்டும் சேர்ந்திருப்பதே வழக்கம்.

பலர் செய்யும் தவறு, உட்சுவரில் ஓதத்தைத் தடுக்கும் பெயின்டை அடிப்பதில் தொடங்குவது. வெளியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தாமல் செய்யும் எந்த வேலையும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நிற்காது. சேர்வராயன் மலையில் செம்மண்ணுக்கு அடியில் கடினப் பாறை இருப்பதால், பெய்த மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிப் பாறைமேல் சரிந்து ஓடி, வீட்டின் மேட்டுப்பக்கக் கல்கட்டில் வந்து முட்டுகிறது. மழை விட்டுப் பல நாள் கழித்தும் அந்தப் பக்கம் மட்டும் காயாமல் இருப்பது இதனால்தான். ஆகவே மேட்டுப்பக்கத்தில், கல்கட்டிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, அடித்தளத்தின் ஆழத்தைத் தாண்டாமல் வாய்க்கால் ஒன்று தோண்டுங்கள். நூறு அடிக்கு ஓரடியாவது வாட்டம் இருக்கட்டும். உள்ளே, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, துளையிட்ட நான்கு அங்குலக் குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். துணியில்லாமல் வெறும் ஜல்லியைக் கொட்டினால் செம்மண் இறங்கிச் சில ஆண்டுகளில் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். நீரைக் கீழ்வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பிவிடாமல், இயற்கையான ஓடையில் சேர்ப்பது கடமை. கூரை நீரையும் தகரத் தூம்பு வைத்துப் பிடித்து அப்பால் கொண்டுபோக வேண்டும். சுவரை ஒட்டிய பத்தடி நிலம் வெளிநோக்கி அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

அடுத்து மண்ணை மூட வேண்டும். அங்கே கிடக்கும் மரத்துண்டு, வேர், பழைய சென்ட்ரிங் பலகை அனைத்தையும் அகற்றுங்கள். அவை கரையானுக்கு இரை. பிறகு 200 மைக்ரான் பாலித்தீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரடி படியுமாறு விரித்து, இணைப்புகளை டேப்பால் ஒட்டி, கல்கட்டின்மேல் அரையடி ஏற்றிவிடுங்கள். அதற்கு மேலே உள்ள சுவரை மறைக்க வேண்டாம். கரையான் ஏறும் தடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கல்கட்டில் விடும் காற்றுத் துளைகளைப் பற்றித்தான் அதிகம் தவறாகப் பேசப்படுகிறது. எந்நேரமும் திறந்திருந்தால் உலர்ந்துவிடும் என்பது சமவெளியின் கணக்கு. 25 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 21 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும். நிழலிலேயே கிடக்கும் மண்ணும் மரமும் மலையில் அதைவிடக் குளிர்ந்திருக்கும் நாட்கள் உண்டு. மூடுபனி சூழ்ந்த நாளில் துளைகளைத் திறந்துவைப்பது ஈரத்தை அழைத்து உள்ளே அமர்த்துவதாகும். எதிரெதிர்ச் சுவர்களில் எலிபுகாத கம்பிவலையுடன் துளைகள் அமைத்து, மூடித் திறக்கும் கதவும் பொருத்துங்கள். மண் மூடப்படாத இடத்தில் 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடித் திறப்பு என்பது அமெரிக்காவின் நெடுங்காலக் கட்டட விதி. தாள் விரித்த பிறகு அதில் சிறு பங்கே போதும். ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறிய பின் திறந்து மாலைக்குள் மூடுங்கள். மழைக்காலத்தில் மூடியே வைத்து, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரப்பதமானி 70 விழுக்காட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஈரம் உறிஞ்சும் கருவியை வைத்து, அதன் நீரைக் குழாய்வழி வெளியேற்றுங்கள்.



உளுத்த சட்டங்களை மாற்றும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாங்காத இடத்தில் தற்காலிகமாக முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஈரமானியின் அளவு 20-ஐத் தொடாமல் இருப்பதைப் பார்த்த பிறகே புது மரம் வாங்குங்கள்.