பொருந்தினால் மட்டும் போதாது: டெஸ்க்டாப்பின் உள் கேபிள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு வருடங்களுக்கு முன் அத்தை மகனின் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் பவர் தரும் பெட்டி) மாட்டிக் கொடுத்தேன். பழையதும் புதியதும் மாடுலர் வகை. அதாவது, கேபிள்களை எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் கழற்றி மாட்டலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிள் கேபினட்டின் பின்புறம் ஏற்கெனவே அழகாக டேக் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதை எதற்கு அவிழ்ப்பது என்று நினைத்து, கேபிளை அப்படியே விட்டு, மறுமுனையை மட்டும் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். ஆறு பின், ஆறு துளை, கிளிப்பும் சரியாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்று சின்னதாக ஒரு சத்தம், கூடவே கருகல் வாடை. ஒரு ஹார்டு டிஸ்க்கும் ஒரு எஸ்எஸ்டியும் அந்த நொடியே போய்விட்டன. ஹார்டு டிஸ்க்கில் இருந்தவை அவனுடைய கல்யாணப் போட்டோக்கள்.

என்ன நடந்தது என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சாட்டா கேபிளில் டிஸ்க்கில் செருகும் முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதிதான்: எந்தக் காலில், அதாவது எந்தப் பின்னில் 3.3 வோல்ட், எதில் 5, எதில் 12 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வரிசை மாறுவதுண்டு. பிளாஸ்டிக் வார்ப்பு மட்டும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே என் கேபிள் வழியே 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது.

பல ஹார்டு டிஸ்க்குகளின் சர்க்யூட் போர்டில், இந்த மாதிரி அதிக வோல்ட்டைத் தாங்கிக்கொள்ளவே ஒரு பாதுகாப்பு டயோடு வைத்திருப்பார்கள். அளவு மீறினால் அது ஷார்ட் ஆகி, பின்னால் இருக்கும் பாகங்களைக் காப்பாற்றும். டேட்டா மீட்பு வேலை தெரிந்த ஒருவர் அந்த டயோடை எடுத்துவிட்டு, டிஸ்க்கை ஒரே ஒரு தடவை ஓடவிட்டுப் போட்டோக்களை நகலெடுத்துக் கொடுத்தார். எஸ்எஸ்டி திரும்பவே இல்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் அதன் கேபிள்கள் அத்தனையையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கேபிள் எவ்வளவு தரமாக இருந்தாலும், பின்புறம் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும், கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். முன்பெல்லாம் ஒயரின் நிறம் நமக்குக் காவலாக இருந்தது. மஞ்சள் என்றால் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்டு, அதாவது கரன்ட் திரும்பும் ஒயர். இப்போது அழகுக்காக எல்லா ஒயரையும் கறுப்பாக்கிவிட்டதால் கண்ணால் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இப்போதெல்லாம் நான் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரித்தவுடன் ஒவ்வொரு கேபிளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மாடல் பெயரை எழுதிவிடுகிறேன். மிச்சக் கேபிள்கள் ஒரு கவரில் போய், அந்தக் கேபினட்டுக்குள்ளேயே ஒரு ஓரத்தில் இருக்கும்.

உருவம் ஒன்று, உள்ளே வேறு என்பது இன்றைய சிக்கல் மட்டும் இல்லை. 1990களின் பிற்பகுதியில் வந்த பல டெல் டெஸ்க்டாப்களில் மதர்போர்டுக்குப் போகும் 20 பின் கனெக்டர் பார்க்க சாதாரண ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப்களுக்கான பொது அளவுமுறை) கனெக்டர் போலவே இருக்கும். வோல்ட் வரிசைதான் வேறு. கடையில் வாங்கிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அதில் கச்சிதமாக உட்காரும், ஆன் செய்தால் போர்டு கருகும்.

இரண்டு எட்டுப் பின்கள்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எட்டுப் பின் கேபிள் இரண்டு வகையில் வரும். ஒன்று சிபியுவுக்கு, மற்றொன்று கிராஃபிக்ஸ் கார்டுக்கு. அவசரத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். சிபியு கேபிளில் நாலு ஒயர் 12 வோல்ட், நாலு கிரவுண்டு. கிராஃபிக்ஸ் கேபிளில் மூன்றுதான் 12 வோல்ட், மீதி ஐந்தும் கிரவுண்டு பக்கம். அதோடு, கிளிப் இருக்கும் பக்கத்தை வைத்துப் பார்த்தால் இரண்டின் வரிசையும் தலைகீழ். தப்பாகச் செருகினால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டோடு முட்டும்.

துளைகளில் சில சதுரமாகவும் சில ஓரம் சீவினது போலவும் இருப்பது இந்தத் தவறைத் தடுக்கத்தான். ஆனால் பிளாஸ்டிக் மென்மையானது. கட்டை விரலை வைத்து அழுத்துகிற ஆளுக்கு அது வழிவிட்டுவிடும். அடையாளம் சுலபம்: சிபியு கேபிள் பிரித்தால் நாலும் நாலுமாகப் பிரியும், கிராஃபிக்ஸ் கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பெரும்பாலான கேபிள்களில் சிபியு என்றோ பிசிஐ-இ என்றோ எழுதியும் இருக்கும். சரியான கேபிள் ஓரளவு அழுத்தத்திலேயே உள்ளே போகும். வியர்க்க வியர்க்க அழுத்த வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இந்தச் சிபியு கேபிளைத்தான் மாட்டவே மறந்துவிடுகிறார்கள். அதற்கான சாக்கெட் மதர்போர்டின் மேல் மூலையில், ஹீட் சிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மறந்தால் ஃபேன்கள் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. ரேமைக் கழற்றித் துடைத்து, சிபியுவையே தூக்கிப் பார்த்து, கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். 'நோ டிஸ்ப்ளே' என்றால் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

கன்வெர்ட்டர் கேபிள் என்னும் ஆபத்து

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும், ஊர் ஊருக்கு இருக்கும் செகண்ட் ஹேண்ட் கடைகளிலும், அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டிய டெஸ்க்டாப்கள் மலிவாகக் கிடைக்கின்றன. படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒன்றை வாங்கி, ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டுவிடலாம் என்பது பலருடைய கணக்கு. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான கேபிளே இருக்காது. பல மாடல்களில் ஹார்டு டிஸ்க்குக்கான பவரே மதர்போர்டிலிருந்து ஒரு சின்ன கனெக்டர் வழியாகத்தான் வரும். உடனே சாட்டாவிலிருந்து கார்டின் ஆறு பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று கால்கள், காலுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆறு பின் கிராஃபிக்ஸ் கனெக்டரிலோ 75 வாட் வரை இழுக்க அனுமதி உள்ளது. இடையில் இருக்கும் 21 வாட்டுக்கு அந்த மெல்லிய தகடுகள்தான் பதில் சொல்ல வேண்டும். கேம் விளையாடும்போது முனை சூடேறி இளகி உருகும். மதர்போர்டு வழியாக வரும் பவர் என்றால் இன்னும் மோசம், போர்டே பாதிக்கப்படும்.

இப்படிப்பட்ட டெஸ்க்டாப்புக்குத் தனிக் கேபிள் கேட்காத கார்டுதான் சரி. கார்டைச் செருகும் பிசிஐ-இ ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுகளில் பல மாடல்கள் அதிலேயே ஓடிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் அந்த மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் கனெக்டர்தானா என்று கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பல அலுவலக மாடல்களில் அது வேறு வடிவம்.

மோலெக்ஸ் என்னும் பழைய நாலு பின் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளிலும் ஒரு எச்சரிக்கை. சாட்டா முனையை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்திருக்கும் மலிவு ரகத்தில், உள்ளே ஒயர்கள் ஒன்றோடொன்று நெருங்கி, நாளடைவில் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஒயர்களைத் தனித்தனியாகக் குத்தி, பின்னால் மூடி போட்ட ரகம் பரவாயில்லை.

பாதி உட்கார்ந்த கனெக்டர்

இதுவரை சொன்னது தப்பான கேபிள். சரியான கேபிளே முழுதாகப் போகாமல் நிற்பது வேறு கதை. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது, அதன் 16 பின் கனெக்டர் சிலருக்கு உருகிப்போனது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முழுதாக உள்ளே போகாமல் நின்ற பிளக் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் கனெக்டர் 600 வாட் வரை தாங்க வடிவமைக்கப்பட்டது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். அதை ஆறு பின்கள் பங்கிட்டுக்கொள்கின்றன, பின்னுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும். அரைகுறையாகத் தொட்டால் அந்த இடமே அடுப்பாகும். 2023-இல் வந்த திருத்திய வடிவத்தில், பிளக் முழுதாக உட்காராவிட்டால் கார்டுக்குப் பவரே கிடைக்காதபடி சிறிய சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள்.

பழைய 16 பின் கார்டு வைத்திருப்பவர்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. கேபிளை முனையிலேயே மடிக்காமல், மூன்றரை சென்டிமீட்டராவது நேராக விட்டு வளையுங்கள். கேபினட்டின் பக்கக் கதவு அந்தக் கேபிளை அமுக்கினால் அது அந்தக் கார்டுக்கு ஏற்ற கேபினட் இல்லை.

மதர்போர்டின் 24 பின்னும் இப்படித்தான். அதை அழுத்தும்போது போர்டு வில்லாக வளைவதைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறோம். போர்டின் ஓரத்துக்கு அடியில் இன்னொரு கை விரல்களைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். சத்தம் கேட்டபின் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

சின்னப் பின்கள்

போர்டின் கீழ் ஓரத்தில் பத்து இடம், ஒன்பது பின் கொண்ட ஹெடர்கள் (சின்ன கேபிள்களைச் செருகும் இடங்கள்) வரிசையாக நிற்கும். யுஎஸ்பி 2.0-க்கு மூலைப் பின் இருக்காது. முன்பக்க ஆடியோவுக்கு மூலையிலிருந்து ஒன்று தள்ளி இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். பிளக்கின் அடைத்த துளையும் இல்லாத பின்னும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்தபின் அழுத்துங்கள். யுஎஸ்பி ஹெடரில் 5 வோல்ட் நிற்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கேபினட்டின் பவர் சுவிட்ச், ரீசெட் கேபிள்கள் இரண்டையும் எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடிக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றி மாட்டினால் எரியாது, திருப்பி மாட்டினால் போதும். இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது கலர் விளக்குகளுக்கு. ஏஆர்ஜிபி என்றால் மூன்று பின், 5 வோல்ட். சாதாரண ஆர்ஜிபி என்றால் நாலு பின், 12 வோல்ட். இரண்டு ஹெடர்களும் பல போர்டுகளில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். மூன்று பின் பிளக்கை நாலு பின் ஹெடரில் திணித்தால் ஃபேனில் இருக்கும் விளக்குகள் அத்தோடு சரி. போர்டில் அச்சடித்திருக்கும் வோல்ட்டை வாசித்துவிட்டு மாட்டுங்கள்.

யுஎஸ்பி 3.0-இன் தடித்த பிளக்கைக் கழற்றும்போது ஆட்டி ஆட்டி இழுத்தால் போர்டிலிருக்கும் பிளாஸ்டிக் கூடும் சேர்ந்து வந்துவிடும், உள்ளே 19 பின்களும் வளைந்து கிடக்கும். இரண்டு பக்கமும் பிடித்து நேராகத் தூக்குங்கள். சாட்டா கேபிளும் அப்படியே, ஒயரைப் பிடித்து இழுக்காமல் கிளிப்பை அமுக்கிப் பிளக்கைப் பிடித்து இழுங்கள். டிஸ்க் பக்கத்து எல் வடிவப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துபோனால், நல்ல டிஸ்க் ஒன்று அந்த ஒரு துண்டுக்காகப் பயனில்லாமல் போகும்.

சிபியு ஃபேன் கேபிளைப் பக்கத்தில் இருக்கும் வேறு ஃபேன் ஹெடரில் மாட்டினால், ஆன் ஆகும்போதே ஃபேன் இல்லை என்று பல போர்டுகள் எச்சரித்து நின்றுவிடும். போர்டு பழுதில்லை, கேபிளை இடம் மாற்றினால் தீர்ந்தது.

சுவிட்சைப் போடும் முன்

விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் கரன்ட் இல்லை என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்குவதும் தவறுதான். பிளக் சுவரில் இருந்து, சுவிட்சும் ஆனில் இருக்கும் வரை, மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றுங்கள். யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அங்கிருந்தும் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரன்ட் வடிந்துவிடும். கழற்றும் முன் செல்போனில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள், எது எங்கே இருந்தது என்ற சண்டையே வராது.

வேலை முடிந்ததும் முதல் தடவை ஆன் செய்யும்போது, முக்கியமான டேட்டா உள்ள டிஸ்க்கின் பவர் கேபிளை மாட்டாமல் வைத்துக்கொள்கிறேன். புது எஸ்எம்பிஎஸ் சரியாக ஓடுகிறது, போர்டு டிஸ்ப்ளே கொடுக்கிறது, வாடை எதுவும் இல்லை என்று தெரிந்தபின், அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதை மாட்டுவேன். பயாஸில் (விண்டோஸ் வரும் முன் போர்டு காட்டும் செட்டிங் திரையில்) டிஸ்க் தெரியவில்லை என்றால் உடனே கேபிளைக் குறை சொல்லாதீர்கள். பல மதர்போர்டுகளில், போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் தானாக அணைந்துவிடும், மேனுவலில் எந்த எண் என்று போட்டிருப்பார்கள். டேட்டா கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கின் பெயர் திரையில் வந்தபின், எந்தக் கேபிளும் ஃபேன் இறக்கையைத் தொடவில்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கக் கதவை மூடி ஸ்க்ரூவை முடுக்கலாம்.