எதிர்ப்புச் சக்தி மாவும் நானோ ஊசியும்: குழப்பிக்கொள்ளக் கூடாதவை

வாய்ப்புற்றுக்கு மருந்தெடுக்கும் ஒரு பெரியம்மாவைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துக்குப் போயிருந்தேன். இஸ்தோப்பில் புது மாவு டின் ஒன்று. மேலே 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று கொட்டை எழுத்து. "மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியில குடுக்குற இம்யூனோதெரபியும் இதுவும் ஒண்ணுதானே அக்கா?" என்றார் மகன். அவருடைய நாலு நாள் சம்பளம் அந்த டின்னில் இருந்தது.

ஒன்றே இல்லை. இம்யூனோதெரபி என்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றோடு மோதவிடும் சிகிச்சை. நம் இரத்தத்தில் ஓடும், நோயோடு போராடும் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குப் பிரேக் உண்டு. புற்றுக்கட்டி அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது. அதன் பிடியை விடுவிப்பதுதான் இம்யூனோதெரபியின் ஒரு முக்கிய வகை. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. மாவு எவ்வளவு கரைத்துக் குடித்தாலும் இந்த வேலை நடக்காது.

பிரேக் விட்டால் என்னவாகும் என்று ஹட்டன் வளைவில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுபட்ட செல்கள் சில நேரம் குடலையும் நுரையீரலையும் தைரொய்டையும் கூடத் தாக்கும். கடைசி ஊசி போட்டு மாதங்கள் கழித்தும் வரலாம். நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான்: வயிறு போனால் மாதுளை ஓட்டை அவித்துக் குடித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். வயிற்றுப்போக்கு, விடாத இருமல், மூச்சிரைப்பு எது வந்தாலும் அன்றே சிகிச்சை தந்த இடத்துக்குச் சொல்லுங்கள். தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனாலும் கிளினிக் புத்தகத்தைக் காட்டி, இம்யூனோதெரபி எடுத்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் இந்த நானோ ஊசி, அதாவது மருந்தை மிக நுண்ணிய துகளில் வைத்துக் கொடுப்பது. ஒரு மில்லிமீற்றரில் பத்து லட்சம் நானோமீற்றர். கொரோனா காலத்தில் நம்மில் பலர் போட்ட பைசர் ஊசியில் இருந்தவை, ஏறக்குறைய 100 நானோமீற்றர் அளவுள்ள கொழுப்புத் துகள்கள். துகள் வெறும் வண்டிதான். உடம்புக்குப் பாடம் சொன்னது உள்ளே இருந்த எம்ஆர்என்ஏ என்ற செய்திக் குறிப்பு. புற்றுநோய் மருந்தையும் இப்படிக் கொழுப்பு உறையில் வைத்துக் கொடுக்கிறார்கள், அமெரிக்காவில் 1995 முதலே. ஆனால் "நானோ மருந்து நேரே கட்டிக்கு மட்டும் போகும், பக்கவிளைவே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈரலும் மண்ணீரலும் அதில் பெரும்பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்ளும்.

நானோ என்றால் பயந்து, பிள்ளைக்குப் பாடசாலையில் போடும் எச்பிவி ஊசியை மறுக்கும் வீடுகளும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் அந்த ஊசி இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இலவசம். அதில் இருப்பது, அந்தப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் வெறும் ஓடு. உள்ளே மரபுப் பொருள் கிடையாது, நோய் உண்டாக்க முடியாது. ஊசி எல்லா எச்பிவி வகைகளையும் தடுப்பதில்லை. அதனால் மகளுக்குப் போட்டாயிற்று என்று இருந்துவிடாமல், அந்த மகளும் 35 வயதில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஊசியே போடாத தாய்மார் முதலில் போக வேண்டும்.