‘மாநில உரிமைக்காக நடந்த போர்’ என்று எழுதுவதற்கு முன்: அமெரிக்க அடிமை முறை பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு பாடம் எடுக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) பற்றி ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரு வரி தவறாமல் வரும்: "அமெரிக்கத் தென் மாநிலங்கள் வடக்கின் ஆதிக்கத்தை எதிர்த்து, மாநில உரிமைக்காகப் போரிட்டன." எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மாநில சுயாட்சி நம் ஊரில் மதிப்பான சொல். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வடக்கும் தெற்கும் மோதின என்றதுமே மனசு தெற்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. முதலில் விட வேண்டியது இந்தச் சாய்வைத்தான்.

அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து போன தென் மாநிலத்தவர் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அவர்கள் எழுத்திலேயே பார்க்கலாம். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா முதலில் பிரிந்தது. அதன் காரண அறிக்கையில் உள்ள பெரிய புகார், ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்பது. எஜமான் தன் அடிமையோடு நியூயார்க் வழியாகப் போவதற்குக்கூட அந்த மாநிலம் இடம் தரவில்லை என்பது இன்னொன்று. கவனியுங்கள், நியூயார்க் தன் மண்ணில் தன் சட்டத்தை நடத்தியதுதான் அவர்கள் கண்ட குற்றம். மிசிசிப்பியின் அறிக்கை தொடக்கத்திலேயே, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று அறிவிக்கிறது. பிரிந்த மாநிலங்களின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசும்போது இன்னும் பச்சையாகச் சொன்னார்: கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல். அவர்கள் எழுதிக்கொண்ட புதிய அரசியல் சட்டமோ, அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் தங்கள் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடை போட்டது.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1850-இல், இதே தெற்கு மத்திய அரசின் கையை ஓங்கவைத்து ஒரு சட்டம் வாங்கியிருந்தது. தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி கிடையாது. தெருவில் போகிற யாரையும் பிடிக்கத் துணைக்கு வா என்று அதிகாரி அழைக்கலாம். தப்பிக்க உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழக்கைக் கேட்கும் ஆணையருக்கு, அந்த மனிதரை எஜமானிடம் அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இதை எதிர்த்து, இந்தச் சட்டமே செல்லாது என்று அறிவித்தது வட மாநிலமான விஸ்கான்சினின் உச்ச நீதிமன்றம். அப்போது மாநில உரிமையைப் பேசியது யார்?

சட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவதும் ஒரு தவறுதான். அது ஒரு மனிதர் மேல் எப்படி இறங்கியது என்று பார்த்தால்தான் வடக்கின் கோபம் புரியும். ஆந்தனி பர்ன்ஸ் வர்ஜீனியாவிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்து, ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அடிமையாகவே இருந்த தன் சகோதரருக்குக் கடிதம் எழுதினார். இருக்கும் இடம் தெரியாமலிருக்க கனடா வழியாக அனுப்பினார். ஆனால் தாளின் தலைப்பில் பாஸ்டன் என்று எழுதிவிட்டார். அடிமைக்கு வரும் கடிதத்தை எஜமான்தானே பிரிப்பான்? 1854 மே 24 மாலை, நகைக்கடையில் திருடியதாகப் பொய்க் காரணம் சொல்லிப் பிடித்தார்கள். அவரை மீட்க மக்கள் நீதிமன்றக் கட்டடத்தைத் தாக்கியதில் ஒரு காவலர் செத்தார். ஜூன் 2 அன்று ராணுவக் காவலோடு அவரைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றார்கள். வழியெங்கும் சுமார் 50,000 பேர். கட்டடங்களில் கறுப்புத் துணி. ஒரு தெருவின் குறுக்கே சவப்பெட்டி ஒன்று தொங்கியது. அதன் மேல் எழுதியிருந்த சொல்: சுதந்திரம். அதுவரை ‘நமக்கு ஏன் வம்பு’ என்றிருந்த பாஸ்டன் வணிகர்கள் பலர் அன்றோடு மாறிப்போனார்கள். மறு ஆண்டு பாஸ்டன் மக்கள் பணம் திரட்டி, 1,300 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார்கள்.

சரி, அப்படியானால் வடக்கு முழுக்க நல்லவர்களா? இல்லை. அடுத்து சறுக்கும் இடம் இது. தெற்கின் பருத்தியை நூற்றது மாசசூசெட்ஸ் ஆலைகள், அதற்குக் கடன் கொடுத்தது நியூயார்க் வங்கிகள். 1860 குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற லிங்கன், அடிமைகளை விடுவிக்கவே அதில் நின்றார் என்று எழுதாதீர்கள். 1858-இல் இல்லினாயில் நடந்த விவாதத்தில், கறுப்பருக்கு அரசியல், சமூகச் சமத்துவம் தருவதை ஆதரிக்கவில்லை என்று அவரே பேசினார். 1861-இல் பதவியேற்றபோதும், ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் கைவைக்க மாட்டேன் என்றார். இன்னும் மாநிலமாகாத புதிய நிலப்பகுதிகளுக்கு அது பரவக் கூடாது என்பதே அவர் கட்சியின் உறுதி.

‘பரவக் கூடாது’ என்றதற்கே ஏன் நாட்டை உடைத்தார்கள்? விடை நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இருக்கிறது. மாநிலம் சிறிதோ பெரிதோ இரண்டு இடம். 1849-இல் அடிமை மாநிலங்கள் 15, அடிமை முறை இல்லாதவை 15. மறு ஆண்டு கலிபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்ததும் அந்தச் சமநிலை போயிற்று. அடிமை முறை இதற்கு வடக்கே பரவக் கூடாது என்று 1820-இன் மிசூரி உடன்பாடு 36 பாகை 30 கலை அட்சரேகையில் கிழித்த கோட்டை 1854-இன் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் அழித்தது. அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்றதும் இரு தரப்பும் துப்பாக்கியோடு கான்சாஸுக்குப் போயின. 1857-இல், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பர் இந்நாட்டுக் குடிமக்களே அல்லர், நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை என்றது. இதை விட்டுவிட்டு 1860 தேர்தலுக்குத் தாவினால் கதை புரியாது.

சுங்கவரிதான் உண்மைக் காரணம் என்ற வாதமும் அடிக்கடி வரும். 1832-இல் தென் கரோலினா வரியை எதிர்த்து முரண்டு பிடித்தது உண்மை. ஆனால் 1857-இல் வரி நன்றாகக் குறைக்கப்பட்டது. அதைக் கூட்டிய சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில், ஏழு மாநிலங்கள் கிளம்பிப் போன பிறகு. தேய்ந்த தெற்கு என்பதும் பொருந்தாது. அன்று நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தெற்கின் பருத்திதான்.  அடிமை மாநிலங்கள் எல்லாமே பிரிந்தன என்பதும் தவறு. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி நான்கும் ஒன்றியத்திலேயே இருந்தன.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. தலைவர்கள், சட்டங்கள், தேர்தல்கள் எல்லாம் வரும் பதிலில் அடிமைகளாக இருந்தவர்கள் வருவதே இல்லை. 1860 கணக்கெடுப்பில் அவர்கள் 39 லட்சத்துக்கும் மேல். அவர்கள் வாய்மூடிக் காத்திருக்கவில்லை. அவர்கள் ஓடினார்கள், அதனால்தான் தப்பியோடியோர் சட்டமே தேவைப்பட்டது. 1849-இல் ஹென்றி பிரவுன் ஒரு மரப்பெட்டிக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சரக்காகவே போய்ச் சேர்ந்தார்.

போர் தொடங்கியும், அடிமை முறையைத் தொடுவதில்லை என்றுதான் அரசு சொல்லிக்கொண்டிருந்தது. 1861 மே 23 இரவு, வர்ஜீனியாவில் பேக்கர், மல்லரி, டவுன்செண்ட் என்ற மூன்று பேர் படகேறி ஒன்றியத்தின் வசமிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்தார்கள். எதிரிப் படைக்குப் பீரங்கித் தளம் கட்ட எஜமான் அனுப்பியவர்கள் அவர்கள். மறுநாளே ஓர் அதிகாரி வந்து, தப்பியோடியோர் சட்டப்படி அவர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கோட்டைத் தளபதி பட்லர் அடிப்படையில் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்கிறது, வேறு நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டு அனுப்பிவிட்டார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஜூலை முடிவில் பட்லர் எழுதிய கடிதத்தில் கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 900 பேர் என்று கணக்கு இருக்கிறது. அதில் 225 பேர் பத்து வயது நிரம்பாத குழந்தைகள்.