ஜீன் எந்த வழியாகப் போனது? பிளேட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பாக்டீரியா தன் ஜீனைப் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கும். அதற்கு முக்கியமாக மூன்று வழி. செத்துக் கரைந்த செல்லிலிருந்து சிந்திய டிஎன்ஏவை இன்னொன்று உள்ளே இழுத்துக்கொண்டால் டிரான்ஸ்ஃபர்மேஷன். இரண்டும் ஒட்டி நின்று நேரடியாகக் கைமாற்றினால் கான்ஜுகேஷன். ஃபேஜ் என்ற வைரஸ் தவறுதலாகச் சுமந்துவந்து கொடுத்தால் டிரான்ஸ்டக்‌ஷன். பெயர்களை மனப்பாடம் செய்வது சுலபம், நம் பிளேட்டில் (பாக்டீரியா வளர்க்கும் ஆய்வகத் தட்டில்) நடந்தது எது என்று சொல்வதுதான் வேலை.

முதலில், ஜீன் நிஜமாகவே போனதா என்று பாருங்கள். ஆபத்தில்லாத ஆய்வக ஈ.கோலை வகைகள் இரண்டு போதும். கொடுப்பவரிடம் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தாங்கும் ஜீன், தானே கைமாறக்கூடிய பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையத்தில்) இருக்க வேண்டும். வாங்குபவர் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற இன்னொரு மருந்தைத் தாங்க வேண்டும், அதுவும் குரோமோசோமில் உள்ள மாற்றத்தால். இரண்டையும் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள் (குலுக்கினால் ஜோடி பிரிந்துவிடும்). அப்புறம் இரண்டு மருந்தும் உள்ள அகாரில் (பிளேட்டில் ஊற்றும் ஜெல்லியில்) பரப்புங்கள். மறுநாள் வளர்ந்து நிற்பது ஜீனை வாங்கியவர் மட்டும்தான்.

அப்படி நம்பித்தான் நான் முதல் தடவை ஏமாந்தேன். கலக்காத கொடுப்பவரைத் தனியாக ஒரு பிளேட்டிலும், வாங்குபவரைத் தனியாக இன்னொன்றிலும், அதே இரண்டு மருந்தோடு பரப்பியே ஆக வேண்டும். அவற்றில் காலனி (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் குவியல்) வந்தால் அது தானாக வந்த மியூட்டேஷனாகவோ வீரியம் போன மருந்தாகவோ இருக்கலாம், உங்கள் கணக்கு அங்கேயே செத்தது. இந்த இரண்டு பிளேட்டையும் சோம்பலில் விட்டவர் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு நாள் விட்டுவைத்தால் பெரிய காலனியைச் சுற்றிக் குட்டிக் காலனிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரியது வெளியே விடும் என்சைம் சுற்றியுள்ள ஆம்பிசிலினைத் தின்றுவிடுவதால், ஜீனே வாங்காத சோம்பேறிகள் அந்த நிழலில் வளர்ந்தவை அவை. எண்ணாதீர்கள்.

எண்ணிக்கை எப்படி? உதாரணமாக, ஆயிரம் மடங்கு நீர்த்த கலவையில் 0.1 மில்லி பரப்பி 42 காலனி வந்தால், ஒரு மில்லியில் 4,20,000. ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் உள்ள பிளேட்டில், வாங்கியவரும் வாங்காதவருமாக, மில்லிக்கு 21 கோடி என்று வந்தால், 500ல் ஒருவருக்கு ஜீன் கிடைத்திருக்கிறது.

சரி, எந்த வழி? கலவையின் ஒரு பங்கில், ஆரம்பத்திலேயே, டிஎன்ஏவை அறுக்கும் டிஎன்ஏஸ் என்சைமைச் சேருங்கள். காலனி காணாமல் போனால் வெளியே மிதந்த டிஎன்ஏதான் காரணம். டிஎன்ஏஸ் வேலை செய்ய மக்னீசியம் வேண்டும், அது இல்லாத கரைசலில் போட்டுவிட்டு "பாதிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஈ.கோலை சாதாரணமாக வெறும் டிஎன்ஏவை வாங்காது, கால்சியம் குளோரைடும் சூடும் கொடுத்துக் கெஞ்ச வேண்டும். ஆனாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

அடுத்து, கொடுப்பவரையும் வாங்குபவரையும் நடுவே பாக்டீரியா புகாத வடிகட்டி வைத்துப் பிரியுங்கள். 1950ல் பெர்னார்ட் டேவிஸ் யு வடிவக் குழாயின் அடியில் வடிகட்டி வைத்து, இரு பக்கமும் பாக்டீரியாவை விட்டு, திரவத்தை மட்டும் இங்கும் அங்கும் தள்ளினார். ஜீன் மாறவில்லை, ஆக தொடுதல் அவசியம் என்று தெரிந்தது. உங்கள் கலவையிலும் 0.22 மைக்ரான் வடிகட்டி தடுத்தால் கான்ஜுகேஷன் என்று கொள்ளலாம்.

வடிகட்டியையும் தாண்டி, டிஎன்ஏஸையும் மதிக்காமல் ஜீன் போனால்? சால்மோனெல்லாவில் நார்ட்டன் ஜிண்டரும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் 1952ல் வெளியிட்டது இதைத்தான், கடத்தியது ஃபேஜ். சந்தேகம் இருந்தால் வடிகட்டிய திரவத்தில் ஒரு துளியை, பாக்டீரியா அடர்த்தியாக வளரப்போகும் பிளேட்டில் விடுங்கள். மறுநாள் அந்த இடத்தில் மட்டும் தெளிந்த வட்டம் விழுந்தால் ஃபேஜ் இருக்க வாய்ப்பு அதிகம். மருந்தோ நச்சோ கூட இப்படி வட்டம் போடும் என்பதால், திரவத்தை நீர்த்து மறுபடி விட்டுப் பாருங்கள், ஃபேஜ் என்றால் வட்டம் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறும்.

முடிந்ததும் எல்லா பிளேட்டும் ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவிக்கு), 121 டிகிரியில்.